கேட்பதும் உடனிருப்பதும்



மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாள். 1820ஆம் ஆண்டு அந்த நாளில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் மகளோ மருமகளோ செவிலியராகப் பணியாற்றுகிறார். அவர்கள் தூக்கமின்றி உழைப்பது நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மனத்தில் சுமக்கும் பாரம் நமக்குத் தெரியுமா?

ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டது. பிள்ளைகளாகிய நாம் செவிலியரைத் தனியே அழைத்து, "சிஸ்டர், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. வெறும் வயித்துப்புண்ணுன்னு சொல்லுங்க" என்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அப்பா விழித்துக்கொண்டு அதே சிஸ்டரிடம் கேட்கிறார்: "உண்மையைச் சொல்லும்மா, எனக்கு என்ன?"

இங்கே மூன்று வழிகளில் சிந்திக்கலாம். பொய் சொல்லாதிருப்பது கடமை என்பது ஒரு வழி. எதைச் சொன்னால் அவருக்கு நல்ல விளைவு உண்டாகும் என்று பார்ப்பது இரண்டாவது வழி. அன்பும் நேர்மையும் உள்ள ஒருவர் இந்த இடத்தில் எப்படி நடப்பார் என்று கேட்பது மூன்றாவது வழி. இவற்றோடு மருத்துவ உலகம் நான்கு நெறிகளைக் கற்றுத் தருகிறது: நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, எல்லாரிடமும் நீதியோடு நடப்பது.

நல்ல செவிலியர் அந்த நேரத்தில் பொய்யும் சொல்வதில்லை. செய்தியைப் போட்டு உடைப்பதுமில்லை. கட்டிலருகே அமர்ந்து, "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும் ஐயா?" என்று கேட்கிறார். காலையில் மருத்துவரிடமும் பிள்ளைகளிடமும், "ஐயா கேட்கிறார், அவரிடம் பேச வேண்டும்" என்று எடுத்துச் சொல்கிறார். எரிகோ நகரின் வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம் ஆண்டவரும் அப்படித்தான் கேட்டார். அவருக்கு என்ன தேவை என்பது இயேசுவுக்குத் தெரியாதா? ஆனாலும் அவரையே சொல்ல வைத்தார். கேட்பது, எதிரே இருப்பவரை மனிதராக மதிப்பதன் அடையாளம்.

ஆனால் கேட்டாலும் பதில் சொல்ல முடியாத நோயாளி என்றால்?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் செவிலியர் இருந்தார். 1973 நவம்பரில், அங்கு வேலை செய்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளைக்குச் செல்லும் உயிர்வளி தடைப்பட்டதால் பேச்சும் பார்வையும் போயின. அன்று முதல் அதே மருத்துவமனையின் செவிலியர்கள் அவருக்குக் குழைத்த உணவை ஊட்டினார்கள், உடலைத் துடைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். கட்டில் வேறு நோயாளிகளுக்குத் தேவை என்று 1980களில் அவரை வெளியே மாற்ற முயற்சி நடந்தபோது, செவிலியர்கள் போராடி அதைத் தடுத்தார்கள்.

2009ஆம் ஆண்டு, அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. அதைக் கொடுத்தவரும் இரக்கத்தால்தான் கொடுத்தார். செவிலியர்களோ, "அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. 2011 மார்ச்சில் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. இரவும் பகலும் பராமரித்தவர்களே அவருடைய உண்மையான நண்பர்கள், அவருக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்களே என்றது. 2015 மே 18 அன்று அருணா இறந்தார். ஏறக்குறைய 42 ஆண்டுகள்! அவரை அறிந்த தோழியர் ஓய்வு பெற்றார்கள். அவர் தாக்கப்பட்ட பிறகு பிறந்த பெண்கள் வேலைக்கு வந்து அதே கட்டிலருகே நின்றார்கள்.

அந்தத் தீர்ப்பே, வேறு சில நோயாளிகளுக்குக் கடும் நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்தவும் வழி திறந்தது. அங்கே நம் மனம் குழம்பலாம். திருஅவையின் போதனை தெளிவானது. பலன் தராத, தாங்க முடியாத சுமையான சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வது கொலை அல்ல. மரணத்தைத் தடுக்க இயலாது என்று ஏற்றுக்கொள்வது அது. ஆனால் உடல் ஏற்கும்வரை உணவு, நீர், வலி தணிப்பு, தூய்மை ஆகிய அன்றாடப் பராமரிப்பை மறுக்கக்கூடாது. 2020ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட மடல் நல்ல சமாரியரின் பெயரையே தாங்கி இதை எடுத்துரைக்கிறது. அந்தச் சமாரியர் காயத்தைக் கட்டிவிட்டுப் போய்விடவில்லை. சத்திரத்தில் உடனிருந்தார்; திரும்பி வருவதாகவும் சொன்னார். குணமாக்க முடியாதபோதும் கவனித்துக்கொள்ள முடியும்.

அன்பார்ந்தவர்களே, நம் வீட்டிலும் பேச்சிழந்து படுத்திருக்கும் தாயோ தந்தையோ இருக்கலாம். ஐ.சி.யூ. வாசலில் முடிவெடுக்க வேண்டிய வேளை நமக்கும் வரும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் உரத்துப் பேசுகிறவரின் முடிவு மட்டும் போதாது. தினமும் அவரைக் குளிப்பாட்டியவரிடம், ஊட்டியவரிடம் முதலில் கேட்போம். பேசக்கூடிய நாளிலேயே பெற்றோரிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வைப்போம். நமக்காகப் பொய் சொல்லும்படி எந்தச் செவிலியரையும் கட்டாயப்படுத்தாதிருப்போம்.

ஆண்டவரே, நோயாளிகளின் அருகே விழித்திருக்கும் எம் சகோதர சகோதரிகளுக்குத் தெளிந்த மனச்சான்றைத் தாரும். அவர்களைப்போல் கேட்கவும் உடனிருக்கவும் எமக்கும் கற்றுத்தாரும். ஆமென்.