பாதிக் குளிசை

(நமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு இறக்கக்கண்டியில் நடத்திய மருத்துவ முகாமின் நிறைவில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து இங்கே பிறசரும் சீனியும் பார்த்தோம். ஒரு தாய்க்குப் பிறசர் மிகக் கூடுதலாக இருந்தது. "குளிசை போடுறீங்களா அம்மா?" என்று கேட்டோம். "போடுறன் பிள்ளை, பாதி பாதியா" என்றார். அவருக்கு எழுதிய மூன்று மருந்தில் ஒன்று கிளினிக்கில் இல்லை. வெளியில் வாங்கும்படி துண்டு கொடுத்திருக்கிறார்கள். பாமசியில் பதினைந்து நாளைக்கு வாங்கத்தான் அவரிடம் காசு இருந்தது. அதையே உடைத்து ஒரு மாதத்துக்குப் போட்டு வருகிறார். இப்படிச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

வெளிநாடுகளில் இருக்கும் நம் சகோதரிகள் நல்ல மனத்தோடு ஓர் ஆலோசனை அனுப்பியிருக்கிறார்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு இவ்வூர்க் குடும்பங்களுக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கலாம் என்பதே அது. அந்த அன்புக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த ஆலோசனையோடு எங்களால் உடன்பட முடியவில்லை. அதற்கான காரணத்தை இந்தச் சபையில் சொல்வது எங்கள் கடமை.

காப்புறுதியால் பயன் பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து, பெருந்தொகையைக் காப்புறுதியால் கட்டியவர்கள் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய காப்புறுதிகள் பெரும்பாலும் வார்டில் தங்கிச் செய்யும் வைத்தியத்துக்கே பணம் கொடுக்கின்றன. தினமும் போடும் குளிசைக்குக் கொடுப்பது குறைவு. ஏற்கெனவே உள்ள வருத்தத்தை ஒதுக்கிவிடுவதும், வயது ஏற ஏறக் கட்டுப்பணத்தைக் கூட்டுவதும் வழக்கம். பாதிக் குளிசை போடும் அந்தத் தாய்க்குப் பிறசர் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குத் தேவை குளிசை. நாம் கட்டும் பணம் அவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அமெரிக்காவில் வாழும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அங்கே வைத்தியர் எழுதிய சிகிச்சை பலவற்றுக்குக் காப்புறுதிக் கம்பனியின் முன் அனுமதி வேண்டும். கம்பனி மறுத்தால் மேன்முறையீடு செய்து காத்திருக்க வேண்டும். கட்டுப்பணத்தில் குறைந்தது 80 முதல் 85 சதவீதத்தை வைத்தியத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டமே கம்பனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 4இல் பெரிய காப்புறுதிக் கம்பனி ஒன்றின் தலைமை அதிகாரி நியூயோர்க் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையை எந்த நியாயமும் கழுவாது. அவருக்கும் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் அந்தச் செய்தி வந்ததும், தங்களுக்கு மறுக்கப்பட்ட சிகிச்சைகளைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் கோபத்தோடு பேசினார்கள். செல்வம் மிகுந்த நாட்டிலேயே அந்த நிலை என்றால், நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நமது நாடு வேறு வழியில் வந்தது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் கேட்டார்கள். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. மருந்து விலையை எதிர்த்து நின்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பனிப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் மருந்தை எழுதுவது, நாட்டுக்குத் தேவையானதை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்வனவு செய்வது என்பவை அவர் காட்டிய வழி. பெரிய மருந்துக் கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஏழைகளுக்கோ மருந்து எட்டும் விலைக்கு வந்தது.

அந்த வழியில் இன்று ஓட்டை விழுந்திருக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்து வரவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. பின்னர் தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பான விசாரணையில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். மக்களுக்குக் கோபம் வந்தது நியாயமே. ஆனால் அந்தக் கோபத்தில் நாம் அரசாங்க ஆஸ்பத்திரியைக் கைவிட்டால் என்ன நடக்கும்? வசதியுள்ளவர்கள் காப்புறுதி அட்டையோடு தனியாருக்குப் போவோம். மருந்து இல்லை என்று தட்டிக் கேட்கும் வாய்களும் நம்மோடு போய்விடும். பஸ்ஸுக்குக் காசு எண்ணும் தாய் மட்டும் அந்த வரிசையில் மிஞ்சுவார்.

ஆகவே சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அந்த நிதியைக் கட்டுப்பணமாகக் கொடுக்காமல், கிளினிக்கில் கிடைக்காத குளிசைகளைப் பொதுப்பெயரில் வாங்கிக் கொடுக்கவும், நடக்க முடியாதவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் ஓட்டோச் செலவுக்கும் ஒதுக்குவோம்.

இரண்டாவது, "வெளியில் வாங்கவும்" என்று எழுதிய துண்டுகளை மாதந்தோறும் பிரதி எடுத்துச் சேர்ப்போம். எந்த மருந்து, எத்தனை பேருக்கு, எத்தனை நாளாக இல்லை என்று கணக்கு எழுதி, மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்புவோம். முதலாவது வேண்டுகோள் இன்றைய அவசரத்துக்கு. அரசாங்கத்தின் கடமையை நாம் என்றென்றைக்கும் சுமக்க முடியாது. அதனால்தான் இந்தக் கணக்கு வேண்டும்.

மூன்றாவது, நம்மில் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் இருப்போர் பொதுப்பெயரைப் பழக்கத்தில் கொண்டுவர வேண்டும். துண்டோடு பாமசிக்குப் போகும் தாய்மாரும், "இதே மருந்து விலை குறைந்ததில் இருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

இலவசக் கல்வியால் படித்து வந்தவர்கள் நம்மில் பலர். நம்மில் அநேகரைப் பெற்றெடுத்த தாய்மாரும் கட்டணம் கட்டாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவர்கள்தான். அந்தக் கடனை அடைக்க இந்த நூற்றாண்டு ஒரு நல்ல வேளை. அடுத்த முகாமுக்கு அந்தத் தாய் வருவார். "முழுக் குளிசை போடுறன் பிள்ளை" என்று அவர் சொல்லக் கேட்டால், நமது சங்கம் நூறு வருடம் இருந்ததற்கு அர்த்தம் உண்டு.