பாரிசவாதமும் இல்வாழ்க்கையும்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயொன்று அடைபடினும் வெடிப்பினும் பாரிசவாதம் உண்டாகின்றது. கை விழுந்தது, கால் விழுந்தது என்று ஊரார் வந்து விசாரிப்பர். கணவன் மனைவியரிடையே வழங்கிவந்த பேச்சு விழுந்ததை எவரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்க நடிகை பற்றீசியா நீல் 1965 பெப்ரவரி 17ஆம் நாள், தமது 39ஆவது வயதில், இந்நோய்க்கு ஆளானார். முந்திய ஆண்டிலேதான் ஒஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்திருந்தது. வயிற்றிலோ குழந்தை. ஏறத்தாழ மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்து விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது, சொற்கள் வசப்படவில்லை. அவருடைய கணவர், சிறுவர் கதைகளாற் புகழ்பெற்ற றோல்ட் டால். மனைவியை அவர் இங்கிலாந்திலுள்ள கிறேற் மிசென்டன் என்னும் ஊரில் இருந்த தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்.

இரக்கத்தினால் அவரைப் படுக்கையில் இருத்திவிட டால் ஒருப்படவில்லை. வேண்டிய பொருளின் பெயரைச் சொன்னாலன்றி அதனைக் கொடார். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலப் பயிற்சி என்று விதித்தார். அயலவர் முறைவைத்து வந்து பாடஞ் சொல்லினர். அவருள் வலரி ஈற்றன் கிரிபித் என்னும் அம்மையார் மருத்துவப் பயிற்சி ஏதும் பெறாதவர். அவ்வனுபவத்தைக் கொண்டு 1970இல் நூலொன்றும் எழுதினார்.

பயன் பெரிது. அவ்வாண்டு ஓகஸ்டில் பெண்குழந்தை நலமே பிறந்தது. 1968இல் வெளிவந்த படமொன்றில் நீல் மீண்டும் நடித்து, ஒஸ்கார் பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்டார். ஆயினும் கணவருடைய கண்டிப்பின்மீது கொண்ட சினத்தையும், அதே கண்டிப்புக்கான நன்றியையும், 1988இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் மறைத்தாரில்லை. அவர்களுடைய மணவாழ்வு 1983இல் முறிந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. நோயின்மீதே முழுப்பழியையும் சுமத்துதல் முறையன்று. எனினும், நாள்முழுதும் ஆசானாக நிற்கின்ற ஒருவர் கணவராக இருக்கும் நாழிகை எது என்னும் வினா எஞ்சுகின்றது.

அயலவர் பொறுப்பேற்ற மணித்தியாலங்கள் இங்கேதான் அருமை பெறுகின்றன. பயிற்சியை உறவினரோ அயலவரோ கையேற்பாராயின், கணவனும் மனைவியும் முன்போல விறாந்தையில் அமர்ந்து தேநீர் பருகலாம். அவ்வேளையிற் சொல்லைத் திருத்த வேண்டியதில்லை. சொல்லிழந்தவர் அறிவிழந்தவரல்லர், அவர் பேச முயலும்போது முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்தலினும், வானொலியைக்கூட நிறுத்திவிட்டுச் சற்றே காத்திருத்தல் நன்று. தலையசைத்து விடையிறுக்கத்தக்க வினாக்களைக் கேட்கலாம்.

காரணமின்றி அழுதலும் சிரித்தலும் மூளை ஊறுபட்டமையால் நேரக்கூடியன. அவற்றை வெறுப்பென்று கொள்ளலாகாது. வாரக்கணக்காய் நீளும் மனச்சோர்வோ வேறு. நோயுற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை அது பற்றுகின்றது. அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். பராமரிப்பவருக்கும் அச்சோர்வு வரும். கிளினிக்கிற்கு மனைவியைத் தாங்கி வருகின்ற கணவரை, கணவரைத் தாங்கி வருகின்ற மனைவியை, "உங்களுக்கு உறக்கம் வருகின்றதா?" என்று கேட்பார் அரியர். கேட்டால், பலர் அங்கேயே அழுதுவிடுகின்றனர்.