தோட்டத்து டைல்ஸுக்கு அடியில ஒரு மூடி

இன்னைக்குப் பேசப்போறது சாக்கடை பத்தி. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க இருந்தா, முடிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.

எங்க ஊர் திருவண்ணாமலை. நான் சென்னையில வேலை பார்க்கிறேன். மத்த பண்டிகைக்குப் போறேனோ இல்லையோ, கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போயிடுவேன். சில வருஷம் முன்னாடி அப்படிப் போனப்ப நடந்த விஷயம் இது.

அப்பா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி ஒரு தோட்டம் போட்டார். பவழமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, ஒரு ஓரமா வாழை. நடுவுல நடக்கறதுக்கு டைல்ஸ் பாதை. அந்தப் பாதைக்குக் கீழே ஒரு சேம்பர் இருந்தது. சேம்பர்னா, சாக்கடைக் குழாய் திரும்புற இடத்துல, அடைப்பு எடுக்கிறதுக்காகக் கட்டுற சின்னத் தொட்டி. அதோட மூடி பார்க்க அசிங்கமா இருக்குன்னு, அதுக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்லிட்டார்.

தீபத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பின்வீட்டுப் பெரியம்மா வந்தாங்க. "தம்பி, எங்க பாத்ரூம்ல தண்ணி போகாம மேல வருது. வீடு முழுக்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க. உங்க தோட்டத்துல இருக்கிற சேம்பரைக் கொஞ்சம் திறக்கணும்பா."

அப்பா கோபக்காரர் இல்ல. ஆனா அன்னைக்கு, "அக்கா, இப்பதான் டைல்ஸ் போட்டேன். இது என் பட்டா இடம். உங்க பக்கத்துலேர்ந்தே ஆள் வெச்சுப் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டார். அவங்க ஒண்ணும் பேசாம போயிட்டாங்க.

அவங்க வீட்டுத் தண்ணி ஏன் எங்க தோட்டம் வழியா போகுதுன்னு கேப்பீங்க. சாக்கடைக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், சரிவு. எங்க பக்கம் மலை இருக்கிற திசை மேடு, எதிர்த் திசை பள்ளம். அவங்க வீடு மேட்டுல, எங்க தெரு பள்ளத்துல. மோட்டார் இல்லாம தண்ணி தானா ஓடணும்னா எங்க தெருவுக்குத்தான் வந்தாகணும்.

மறுநாள் காலையில பெரியம்மா வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. யாரோ தெரிஞ்சவர் மூலமா கூப்பிட்ட ஆளுங்க. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்திப் பார்த்தாங்க, போகல. அடைப்பு எங்க சேம்பர் வளைவுல. அவங்க வீட்டுல பழைய செப்டிக் டேங்க் ஒண்ணு இருக்கு, குழாய் அது வழியாத்தான் வெளியே வருது. "உள்ள இறங்கி அந்தப் பக்க வாயில இருந்து குத்துனா போயிடும்"னு சொல்லிட்டு, மூத்தவர் சட்டையைக் கழட்டி இடுப்புல கயிறு கட்ட ஆரம்பிச்சார்.

அம்மா மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. அங்கேர்ந்து பார்த்துட்டு, "தம்பி, இறங்காதீங்க! இறங்காதீங்க!"ன்னு கத்துன சத்தத்துல தெருவே திரும்பிப் பார்த்துச்சு. கீழே வந்து, அப்பா கிட்ட ஒரு வார்த்தை பேசாம, கடப்பாரையை எடுத்து என் கையில கொடுத்தாங்க.

நாலு டைல்ஸ் உடைஞ்சது. மூடியைத் தூக்கினோம். அந்த ரெண்டு பேரும் தரையில நின்னபடியே பிளாச்சு விட்டாங்க. தேங்காய் நாரும் ஒரு துணிப்பையும் வந்தது. இருபது நிமிஷம்தான். யாரும் உள்ள இறங்கல.

அன்னைக்கு ராத்திரி அப்பா கேட்டார்: "என் வீடு, என் நிலம். யாரோ வந்து தோண்டலாம்னா, அப்புறம் சொந்தம்னு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. இந்த எபிசோடே அந்தக் கேள்விக்காகத்தான்.

நம்ம ஊர் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. 'வழிநடை பாத்தியம்', 'நீர்ப்போக்கு பாத்தியம்' மாதிரி வார்த்தைகள் இருக்கும். நாம அதைப் படிக்காம கையெழுத்து போடுறோம். சட்டத்துல இதுக்குப் பேர் ஈஸ்மென்ட். அடுத்தவர் நிலத்தை சொந்தமாக்கிக்காம, ஒரு குறிப்பிட்ட தேவைக்குப் பயன்படுத்துற உரிமை. இந்திய ஈஸ்மென்ட் சட்டம் வந்தது 1882-ல. அது முதல்ல அமலுக்கு வந்த இடங்கள்ல நம்ம சென்னை மாகாணமும் ஒண்ணு.

இந்த உரிமை எப்படி வருது? பத்திரத்துல எழுதிக் கொடுத்தா வரும். ஒரே வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது, ஒருத்தர் பாகத்துக்கான வடிகால் இன்னொருத்தர் பாகம் வழியா போனா, அந்த அவசியத்தாலேயும் வரும். இருபது வருஷம் வெளிப்படையா, சண்டை இல்லாம, உரிமையா, விடாம பயன்படுத்தினாலும் வரும். 'மண்ணுக்கடியில இருக்கிறது எப்படி வெளிப்படை ஆகும்?'னு தோணும். அந்தச் சட்டமே ஒரு உதாரணம் சொல்லுது: விவரம் தெரிஞ்ச ஆள் கவனமாப் பார்த்தா கண்டுபிடிக்கக்கூடிய வடிகாலா இருந்தா, அது வெளிப்படைதான்.

இப்ப முக்கியமான பிரிவு, 24. குழாய் பாத்தியம் உள்ளவர் உங்க நிலத்துக்குள்ள வந்து தோண்டி ரிப்பேர் பண்ணலாம். ஆனா உங்களுக்கு முடிஞ்ச அளவு குறைவான தொந்தரவு வர்ற நேரத்துல, வர்ற விதத்துல செய்யணும். முடிச்சதும் தரையைப் பழையபடி ஆக்கித் தரணும். செலவும் அவங்களோடது. பிரிவு 27 நமக்கானது. நம்ம நிலத்துல செடி வைக்கலாம், உக்காரலாம், எதுவும் பண்ணலாம், அந்தப் பாத்தியத்தைக் குறைக்காத வரைக்கும். அப்போ, தோட்டம் போட்டது தப்பில்ல. மூடி மேல டைல்ஸ் ஒட்டினதுதான் தப்பு.

இன்னொரு பிரிவு எனக்கு ஆச்சரியமா இருந்தது, 36. தடை சட்டவிரோதமானதா இருந்தாலும், பாத்தியம் உள்ளவர் தானே அதை உடைச்சு எடுக்கக்கூடாது. கோர்ட்டுக்குத்தான் போகணும். அதாவது பெரியம்மா எங்க டைல்ஸை உடைச்சிருக்க முடியாது. கேஸ் போட்டிருக்கலாம். ஆனா தீபத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்குள்ள கழிவுநீர் ஏறுது, கேஸ் எப்ப முடியும்? அந்த இடைவெளியிலதான் ஒரு மனுஷர் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நின்னார்.

இது பக்கத்து வீட்டுக் குழாய் பத்தின கதை. பொதுக் குழாயா இருந்தா, உள்ளாட்சிச் சட்டங்கள் அதிகாரிகளுக்கே உள்ளே வர அதிகாரம் தருது. முன்கூட்டியே தகவல், சேதம் வந்தா ஈடு, இதெல்லாம் நாம கேக்க வேண்டியவை. போன் கம்பிக்கு 1885 டெலிகிராப் சட்டத்துலயும் இதே தர்க்கம்தான் இருந்தது: நிலம் உன்னோடதுதான், பயன்படுத்துற உரிமை மட்டும் எடுத்துக்கறோம், சேதத்தைக் குறைச்சு, நஷ்டத்தைக் கொடுக்கணும். இங்கிலாந்துல 2011 அக்டோபர்ல, பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்துற தனியார் சாக்கடைக் குழாய்களைக் குடிநீர், கழிவுநீர் கம்பெனிகளோட பொறுப்புல விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவுல இருக்கிறது பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையிலதான்.

அப்பாவுக்கு இதெல்லாம் படிச்சுச் சொன்னேன். "சரி, ஆனா என் பட்டா..."ன்னு மறுபடியும் ஆரம்பிச்சார். அப்போ பாட்டி குறுக்கே பேசினாங்க: "எது பட்டா? அது சந்துடா."

பழைய ஊர்கள்ல, முதுகோடு முதுகு ஒட்டின வீடுகளுக்கு நடுவுல ஒரு குறுகலான சந்து இருக்கும். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்துல, மலம் அள்ள வர்றவங்க முன்வாசல் பக்கம் வரக்கூடாதுன்னு விட்ட வழி. வீட்டுக்குள்ள வராம, தெருவுல கண்ணுல படாம, பின்னாடியே வந்து பின்னாடியே போகணும். சாதியை அப்படியே செங்கல் வெச்சுக் கட்டினது அது. தண்ணி ஊத்துற கக்கூஸ் வந்ததும் அந்தச் சந்து குழாய் போற வழி ஆச்சு. அப்புறம் ரெண்டு பக்க வீட்டுக்காரங்களும் கொஞ்சம் கொஞ்சமா சுவரைத் தள்ளி உள்ளே சேர்த்துக்கிட்டாங்க.

டவுன் சர்வே வரைபடத்தை எடுத்து டேப் வெச்சு அளந்தோம். தோட்டத்துல கடைசி நாலு அடி எங்க பட்டாவுல இல்ல. சேம்பர் இருக்கிறது சரியா அந்த நாலு அடியில. அதுக்கு அப்புறம் குழாய் எங்க இடத்துக்கு அடியிலதான் தெருவுக்குப் போகுது. ஆனா மூடி இருந்த இடம் எங்களோடதே இல்ல. அப்பா ரொம்ப நேரம் அந்த வரைபடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

மலம் அள்ள வந்தவங்களுக்குன்னு ஒதுக்கின வழியை நாங்க எடுத்துக்கிட்டோம். அதுல பூச்செடி வெச்சோம். கடைசியில அதே வேலைக்கு இன்னொருத்தர் குழிக்குள்ள இறங்கற நிலைமையை உண்டாக்கினோம். இதை இங்க சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு.

குழிக்குள்ள இறங்கினா என்ன ஆகும்னு சிலருக்குத் தெரியாது. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. 'வாசனை இல்ல, இறங்கலாம்'னு நினைக்கிற இடம்தான் ஆபத்தான இடம். இன்னும் கூடினா சில மூச்சுலயே மயக்கம். காப்பாத்த இறங்குற ரெண்டாவது ஆளும் விழறது அதனாலதான். 1993-லேர்ந்து சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் இறந்தவங்க கணக்கை நாடாளுமன்றத்துல சொன்னப்ப, பட்டியல்ல முதல் இடத்துல இருந்தது நம்ம தமிழ்நாடு.

2013-ல வந்த கையால் மலம் அள்ளும் தடைச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை சாக்கடையிலயோ செப்டிக் டேங்க்லயோ இறக்கறது குற்றம். அது அரசுக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும் இல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். சாக்கடையில இறந்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர்ல அதை முப்பது லட்சமா உயர்த்தினாங்க. அன்னைக்கு ஏதாவது ஆகியிருந்தா கேஸ் பெரியம்மா மேல வந்திருக்கும். ஆனா காரணம் எங்க டைல்ஸ்.

சரி, நிலத்துக்காரருக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கு. திருவண்ணாமலை 2024-ல மாநகராட்சி ஆச்சு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம். பழைய வீடுகள் எல்லாம் ரூம் வாடகைக்கு மாறிட்டு வருது. ஒரு குடும்பத்துக்குப் போட்ட குழாய்ல பன்னிரண்டு ரூம் கழிவு போகும். ஈஸ்மென்ட் சட்டம் 29-வது பிரிவு இதுக்குத்தான்: உங்க கட்டிடத்தை மாத்தியோ பெருசாக்கியோ அடுத்தவர் நிலத்து மேல இருக்கிற பாத்தியத்தைக் கணிசமா கூட்டிக்க முடியாது. பின்வீடு லாட்ஜ் ஆனா, 'குழாய் ஏற்கெனவே இருக்கே'ங்கிற பதில் போதாது.

நாங்க என்ன செஞ்சோம்னா, அந்த நாலு அடியில இருந்த டைல்ஸை எல்லாம் எடுத்துட்டோம். மூடி இப்ப வெளியே தெரியுது. பக்கத்துல தொட்டிச் செடி மட்டும், நகர்த்தி வைக்கிற மாதிரி. அப்பாவும் பெரியம்மாவும் உக்காந்து ஒரு ஒப்பந்தம் எழுதினாங்க: முன்கூட்டி சொல்லிட்டுப் பகல்ல வரணும், அவசரம்னா எப்ப வேணா வரலாம், செலவு அவங்களோடது, தரையைச் சரிபண்ணித் தரணும், யாரும் உள்ள இறங்கக்கூடாது. கடைசி வரி அம்மா சேர்த்தது. இதைப் பதிவு பண்ணி வெச்சா, நாளைக்கு வீட்டை வாங்குறவங்களுக்கு வில்லங்கச் சான்றுலயே தெரியும். எழுதாத பாத்தியம் அதுல வராது. பட்டாவும் மண்ணுக்கடியில என்ன இருக்குன்னு சொல்லாது.

அதனால வீடு வாங்குறவங்க, ஏன், வாடகைக்குப் போறவங்களும் ஓனர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. சேம்பர் மூடி எங்க இருக்கு? குழாய் யார் நிலம் வழியா போகுது? மூடிக்கு மேல ஏதாவது கட்டியிருக்கா? அடைப்பு வந்தா 14420-க்குக் கூப்பிடுங்க, இயந்திரம் கேளுங்க. லாரி ஹோஸ் எட்டுற மாதிரி வழி விடுங்க.

அப்பாவோட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நிலம் உங்களோடதுதான்பா. மூடியை மட்டும் திறக்கிற மாதிரி வைங்க. அவர் பதில் சொல்லல. ஆனா அடுத்த தீபத்துக்குப் போனப்ப, அந்த மூடியைச் சுத்தி ஒரு அடிக்குப் புல்லைக் கூட வெட்டி வெச்சிருந்தார்.

உங்க வீட்டு மூடி எங்க இருக்குன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க.