காற்றுக்கும் கடைமடை உண்டு



வரப்புக்காக வழக்காடியோர் உண்டு. வாய்க்கால் நீருக்காக அரிவாள் தூக்கியோர் உண்டு. காற்றுக்காகச் சண்டை, கேட்டதுண்டா? ஐரோப்பாவின் கடல்களிலே நடக்கிறது!

டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹார்ன்ஸ் ரெவ் என்னுமிடத்தில், 2002ஆம் ஆண்டு 80 காற்றாலைகளை நாட்டினர். 2008 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட படமொன்றைக் கண்டேன். அன்று ஈரக்காற்று மூடுபனியாய்த் திரண்டு, ஆலை ஒவ்வொன்றின் பின்னும் வெண்மையாய் வால் நீண்டது. முன்வரிசையின் வால் பின்வரிசையைப் போர்த்துகிறது! கண்ணுக்குப் புலப்படாத காற்று, தன் களைப்பைத் தானே வரைந்து காட்டிய ஓவியம் அது.

களைப்பு ஏன்? சுழலும் இறக்கை காற்றின் ஆற்றலைப் பறிக்கிறது. பறிகொடுத்த காற்று தள்ளாடி நடக்கிறது. வேகம் நூற்றுக்கு 10 குறைந்தால் காற்றிலுள்ள ஆற்றலும் 10 தானே குறையும் என்பீர்கள். இல்லை தோழர்களே, 27 குறையும்! வேகத்தை மும்முறை பெருக்கிப் பார்க்கும் கணக்கு அது. (புயலெனக் காற்றடிக்கும் நாளில் இந்த இழப்பு தெரியாது, அன்று தேவைக்கு மேல் வீசுகிறது.)

ஒரே பண்ணைக்குள் என்றால் குடும்பத் தகராறு. ஆனால் அந்த வால் வேலிக்குள் அடங்குவதாயில்லை! ஜெர்மனியை அடுத்த வடகடல் மீது விமானத்தில் பறந்து அளந்தனர். முடிவு 2018இல் வெளிவந்தது. குளிர்ந்த கடல்மேல் வெப்பக்காற்று படர்ந்து அடுக்கடுக்காய் நிற்கும் வேளையில், மேலிருக்கும் வலுத்த காற்று கீழிறங்கிக் குறையை நிரப்புவதில்லை. அப்போது வால் 70 கிலோமீட்டர் வரை நீள்கிறதாம்!

பெல்ஜியத்தின் பண்ணைகளை ஒட்டி, எல்லைக்கு அப்பால், நெதர்லாந்தின் போர்ஸெலே பண்ணைகள். அங்கே மிகுதியும் வீசுவது தென்மேற்குக் காற்று. முதற்பந்தியில் பெல்ஜியம், எஞ்சியது நெதர்லாந்துக்கு! காற்றிடம் கடவுச்சீட்டு கேட்கும் காவலன் எவன்? வடகிழக்கிலிருந்து வீசினால் பந்தி மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைமடைக்காரன் தேக்கினால் கடைமடை காயும் என்பதைக் காவிரிக்கரை உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனால்தான் நீருக்கு முறை வைத்தோம். காற்றுக்கு முறை வைத்தவர் யார்? 2024ஆம் ஆண்டு பிரிட்டனில், அயர்லாந்துக் கடலில் புதிய பண்ணைகளுக்கு அனுமதி கோரியபோது, பழைய பண்ணையார் எதிர்த்து நின்றனர். முந்தியவனுக்கே காற்று முழுதும் என்றால் புதிய ஆலை எழாது, கரிப்புகைக்கு ஆயுள் கூடும். பிந்தியவன் விருப்பம்போல் எழுப்பலாம் என்றால், முன்னே முதலிட்டவன் கணக்கு மூழ்கும்.

கடற்பரப்பைக் கூறுபோட்டுக் குத்தகை வாங்குவது அரசு. எனவே இடைவெளி எவ்வளவு, இழப்புக்கு ஈடு எவ்வளவு என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதவேண்டியதும் அரசுதான். பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஆலைகளும் எழுந்த பின்னர், “உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்பார்களானால், எதைப் பேசுவது? கடலில் ஊன்றிய தூணைப் பிடுங்கித் தள்ளி நடவா?