பணிக்கொடை யாருடைய கொடை?

(உழவர்கரையில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மைப் பேசப் பணித்த சங்கத்தார், யாம் இலக்கியம் பேசுவோம் என்றே எண்ணியிருப்பர். ஆயினும், நம் குடும்பங்களில் தனியார் பள்ளிகளிற் கற்பிப்போர் பலர். பள்ளி நடத்துவோரும் சிலர் உளர். இரு திறத்தாரும் அறியவேண்டிய செய்தி ஒன்றை இன்று எடுத்துக்கொண்டோம்.

புதுவை ஆலைத் தொழிலாளருள் பன்னிருவர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிக்கு இரையாயினர். மறு ஆண்டே எட்டு மணி வேலை இங்குச் சட்டமாயிற்று. தொழிலாளிக்குச் சட்டம் காவலாதலை இந்நகரம் அன்றே கண்டது. ஆசிரியருக்கோ அக்காவல் எளிதில் வாய்த்திலது. 1988இல், கோவாவில் பணிநீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்னும் ஆசிரியையின் வழக்கில், கல்வி நிலையம் ‘தொழில்’ ஆயினும் ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகார், அவர் பணி உயர்ந்தது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகழ் கிடைத்தது, பாதுகாப்புக் கிடைத்திலது!

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும் இந்நிலையே நேர்ந்தது. பத்துப் பேர்க்குக் குறையாது பணிபுரியும் கல்வி நிலையங்கள் 1997 ஏப்ரல் 3 முதல் அதனுள் வந்தன. எனினும் ‘ஊழியர்’ என்னும் சொல்லின் விளக்கத்தில் ஆசிரியர் அடங்கார் என 2004இல் தீர்ப்பாயிற்று. பள்ளி எழுத்தர் பெற்றதை ஆசிரியர் பெற்றிலர். நாடாளுமன்றம் 2009இல் அவ்விளக்கத்தைத் திருத்தி, 1997 முதலே செல்லும்படி செய்தது. பள்ளி நிர்வாகிகள் தொடுத்த வழக்கும் 2022 ஆகஸ்டில் தள்ளுபடியாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இவ்வுரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அமைந்துள்ளது.

எம்முடன் பணியாற்றிய அம்மையார் ஒருவர், இருபது ஆண்டு கற்பித்து விலகியபோது பொன்னாடையும் வெள்ளித்தட்டும் பெற்று மகிழ்ந்து இல்லம் சென்றார். தமக்குரிய தொகை ஒன்றுண்டென அவர் அறியார், அறிவிப்பாரும் இலர். கணக்கு எளிதே. கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளாற் பெருக்குக. சட்டம் கருதும் ஊதியம் ரூ. 26,000 எனின், இருபது ஆண்டுக்கு ரூ. 3,00,000 ஆகும். நிரந்தரப் பணியிலிருப்போர் ஐந்தாண்டு நிறைவு செய்திருத்தல் வேண்டும். இறந்தோர் குடும்பத்துக்கு அவ்வரையறை இல்லை. தொகையை 30 நாளுள் அளித்தல் கடமை.

‘கொடை’ என்னும் சொல்லே நம்மை மயக்குகின்றது. கொடை கொடுப்பவன் விருப்பம். கடனோ பெறுபவன் உரிமை. பணிக்கொடை பெயராற் கொடை, பொருளாற் கடன்.

பள்ளி நடத்தும் அன்பர்காள்! சிறு பள்ளிகளின் வருவாய் குறைவென்பதை யாம் அறிவோம். ஆண்டுதோறும் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் அரை மாத ஊதியமளவு ஒதுக்கி வைப்பின், இறுதியில் சுமை பெரிதாகாது. ஆசிரியப் பெருமக்காள்! நியமன ஆணையையும் ஊதியச் சீட்டுகளையும் போற்றி வைம்மின். பணி விட்டதும் எழுத்திற் கேண்மின். மறுப்பின் தொழிலாளர் துறையை நாடுமின். பிறர்க்குக் கணக்குக் கற்பித்தவர் தம் கணக்கை அறியாதிருத்தல் தகுமோ?