சித்திரத்திற் பொருளும் பாணியும்



எட்டு வயதுப் பிள்ளைக்குச் சித்திரப் பாணிகள் விளங்குமா என்று சிலர் ஐயுறுகின்றனர். இலக்கணஞ் சொல்லிப் புகுத்தினால் விளங்காது. இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினால் விளங்கும்.

தாயும் சேயும் என்ற ஒரு பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவிவர்மா (1848–1906) வரைந்த யசோதையும் கண்ணனும் நமக்குப் புதியவர்களல்லர். அவருடைய அச்சுப் படங்கள் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்கின! மேனாட்டு எண்ணெய் வர்ண முறையிலே, பட்டின் மினுமினுப்பும் உடலின் திரட்சியும் கண்ணெதிரே நிற்பனபோலத் தீட்டினார். அதன் பக்கத்தில் வங்காளத்து யாமினி ராய் (1887–1972) வரைந்த தாயையும் மகவையும் வையுங்கள். அவரும் கல்கத்தா அரசினர் சித்திரப் பாடசாலையில் மேனாட்டு முறையைக் கற்றவரே. பின்னர் அதனை விடுத்துக் காளிகாட்டுப் படங்களையும் கிராமியச் சித்திரங்களையும் நாடினார். தடித்த கோடு, நீண்ட பெரிய கண், தட்டையான வர்ணம்.

“எது அழகு?” என்று கேளாதீர்கள். “இவர் எதை விட்டுவிட்டார்?” என்று கேளுங்கள். “நிழல் இல்லை, சேலை மினுங்கவில்லை” என்று பிள்ளைகளே சொல்வார்கள். பாணி என்ற சொல்லை அதன் பிறகு சொன்னாற் போதும்.

அடுத்து, தத்தம் அம்மாவை வரையச் சொல்லுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைய, நாற்பது கொப்பிகளிலும் அதே மாம்பழம் பழுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. (வர்ணமுங்கூட ஒன்றே!) வேறுவிதமாய் வரைந்த பிள்ளைக்குப் புள்ளி குறைகிறது, அடுத்த வருஷம் அது பென்சிலைத் தொடுவதில்லை. நமது சிறுவர் வகுப்பிலாவது, வருகிற மாதமே, அந்த மாம்பழத்தை அழித்துவிட்டு இவ்விரு படங்களையும் மாட்டுவோமாக.