வேனிலும் நம் இல்லமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பேசுவதே நம் மரபு. இவ்வாண்டு யாம் வெயிலைப் பற்றிப் பேச விரும்புகின்றோம் என்று செயலாளரிடம் கூறியபோது அவர் நகைத்தார். “வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வந்தால் வியர்க்கும், போனால் மழை” என்றார். ஒரு காலத்தில் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எம் இல்லத்தில் என்ன விளைத்தது என்பதைச் சொல்லவே இம்மேடையில் நிற்கின்றோம். யாம் மருத்துவர் அல்லோம், ஆராய்ச்சியாளரும் அல்லோம், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதி வாழ்பவர். ஆதலின் கேட்டறிந்ததையும் பட்டறிந்ததையும் மட்டுமே கூறுவோம்.

நாம் வாழும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் எல்லையை ஒட்டிய ஊர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. மனிதர் வகுத்த அக்கோட்டைக் கதிரவன் அறியான். களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே வெயில்தான். சித்திரைப் பிறப்புக்குச் சில நாள் முன்னர், ஏப்ரல் 11-ஆம் நாளை ஒட்டி, கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வருகின்றான். நண்பகலில் முற்றத்தில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. தமிழகத்தின் பிற பகுதியினர் அக்கினி நட்சத்திரத்துக்கு அஞ்சி மே மாதத்தை எண்ணுவர். நமக்கோ பங்குனியும் சித்திரையுமே கடுங்கோடை. ஜூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை இறங்கும்வரை இடையிடையே இடிமழை பெய்தால்தான் உண்டு.

“வெப்ப அலை” என்று வானிலைத் துறையினர் கூறுவது யாது? சமவெளியில் 40 டிகிரி செல்சியசும், கடற்கரைப் பகுதியில் 37 டிகிரியும் எட்டி, அவ்வூரின் இயல்பான சூட்டைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ மிகுந்தால் அதனை வெப்ப அலை என்பர். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டிலும், திருச்சூர், கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களிலும் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. பாலக்காட்டில் சூடு 41 டிகிரியைத் தாண்டியது. அதற்கு முன்னரே, 2019-இல், வெப்ப அலையையும் வெயில்தாக்குதலையும் கேரள அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருந்தது.

செய்தித்தாளில் இவற்றைப் படித்த யாம், “அது பாலக்காட்டார் கவலை, நமக்குக் கடற்காற்று உண்டு” என்று தாளை மடித்து வைத்தோம். அதுவே எம் முதற்பிழை. கடலருகே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பின் வியர்வை வழியுமேயன்றி எளிதில் உலராது. ஆதலின் இங்குள்ள 36 டிகிரி, உலர்ந்த ஊரின் 40 டிகிரியைப் போல் உடலை வருத்தக் கூடும். வெப்பமானியின் எண்ணை மட்டும் நம்பியிருத்தல் அறியாமை.

இனி எம் இல்லத்துக் கதையைக் கூறுவோம். விளவங்கோட்டுப் பகுதியில் எம் முன்னோர் வாழ்ந்தது ஓட்டு வீடு. சுற்றிலும் பனையும் பலாவும் நின்றன. பணி நிமித்தம் இப்பக்கம் குடிவந்தபின் ஐந்து சென்டு நிலம் வாங்கி, கடன்பட்டு, கான்கிரீட் வீடு கட்டினோம். அந்நிலத்தின் மேற்கு ஓரத்தில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது. வீட்டு முகப்பில் கார் நிறுத்தும் மண்டபம் வேண்டும் என்று அதனை வெட்டினோம். இன்றுவரை எமக்குக் கார் இல்லை. மண்டபம் மட்டும் உண்டு! பின்புறத்தில் தகரக் கூரையிட்டு ஓர் அறை சேர்த்தோம். தந்தையார் மறைந்தபின் எம்மோடு வந்து தங்கிய அன்னையார், “எனக்கு இது போதும் மக்களே” என்று அவ்வறையிலேயே படுத்துக் கொண்டார்.

2024 ஏப்ரலில் இரவும் புழுங்கியது. பகலெல்லாம் வெயிலை விழுங்கிய கான்கிரீட், இரவில் அதனை மெல்ல மெல்ல உள்ளே உமிழும். தகரமோ பகலிலேயே அடுப்பாகும். அன்னையாருக்கு அப்போது வயது 74. அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார் என்பதை நாங்கள் எவரும் அறியவில்லை. காரணம் யாது? கழிவறைக்குச் செல்லப் பின்புறத்தில் மூன்று படி இறங்க வேண்டும். இரவில் மருமகளை எழுப்ப வேண்டியிருக்குமே என்று அஞ்சி, மாலைக்கு மேல் நீர் அருந்தாதிருந்திருக்கின்றார். முதிய தாய்மார் பலர் இவ்வாறே செய்கின்றனர் என்று பின்னர் மருத்துவர் கூறினார்.

ஒருநாள் பிற்பகல், மூன்று மணி இருக்கும். அன்னையார் எம் மனைவியைத் தம் இறந்துபோன தங்கையின் பெயரால் அழைத்தார். உடல் நெருப்பாய்ச் சுட்டது, வியர்வை இல்லை. விடுமுறையில் வீட்டிலிருந்த யாம் அதனைக் காய்ச்சல் என்று கருதினோம்; காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் போர்வையையும் போர்த்தினோம். பக்கத்து வீட்டுச் சேச்சி, செவிலியாகப் பணியாற்றியவர், எட்டிப் பார்த்தார். போர்வையை உருவி எறிந்தார். கட்டிலை முன்கூடத்துக்கு இழுக்கச் சொன்னார். உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, 108-ஐ அழைக்கச் செய்தார். “நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும்” என்று எம் கையிலிருந்த செம்பையும் பிடுங்கினார். வண்டி வரும்வரை அவர் கை ஓயவில்லை.

அன்னையார் பிழைத்தார். ஆயினும் பழைய நடையும் பழைய நினைவும் முழுமையாகத் திரும்பவில்லை. வெயில்தாக்குதலில் உடலின் உட்சூடு 40 டிகிரியைக் கடக்கும். அப்போது மூளையும் சிறுநீரகமும் கெடும். குளிர்விப்பதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை என்றார் மருத்துவர். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது என்றும் அறிந்தோம். அந்தப் போர்வையை யாம் இன்னும் மறக்கவில்லை. இங்குள்ள எந்தப் பிள்ளையும் அப்பிழையைச் செய்யலாகாது என்பதே இப்பேச்சின் நோக்கம்.

அன்று முதல் எம் இல்லத்தில் கைக்கொண்டுள்ள முறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வீடு. மாசி மாதத்திலேயே மொட்டைமாடியில் சுண்ணாம்பு வெள்ளையடிக்கின்றோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். கருமை அதனை வாங்கி வைத்துக் கொள்ளும். தகரக் கூரையின்மேல் தென்னோலை பரப்பி, அடியில் பாய் கட்டினோம். கோடையில் எவரும் அவ்வறையில் படுப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் படும் பக்கத்துச் சன்னல்களை அடைத்து, வெளிப்புறத்தில் ஓலைத்தட்டி தொங்கவிடுகின்றோம். மாலை தணிந்தபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுகின்றோம். கொசுவுக்கு வலை உண்டு. பகலெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தால் குளிரும் என்பது தவறு. வெளியே உள்ளதைவிடச் சூடு உள்ளே குறைவாயிருக்கும்போது வெப்பத்தை நாமே விருந்துக்கு அழைப்பதாகும். மின்விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அறையின் சூடு 40 டிகிரியைக் கடந்தால் அது வெங்காற்றையே வீசும். அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைத்துக் கொள்ளுதலே துணை.

இரண்டாவது, நீர். தாகம் எடுக்கும்வரை காத்திருத்தல் ஆகாது; முதியோர்க்குத் தாகவுணர்வே குறைந்துவிடும். அன்னையார் கட்டிலருகே ஒரு கூசாவில் நீர் வைத்துள்ளோம். காலையில் நிரப்பி மாலையில் அளவு பார்ப்பது பேரனின் வேலை. கழிவறைப் படியைச் சமன்படுத்திக் கைப்பிடியும் அமைத்தோம். வெப்பத்துக்கு மருந்து எதுவெனின், எங்கள் வீட்டில் அக்கைப்பிடியே என்போம். வயிற்றுப்போக்கும் சோர்வும் உள்ளவர்க்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கலக்கிக் கொடுக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவரும், இதயம், சிறுநீரகம் பழுதுற்றவரும் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

மூன்றாவது, உணவு. இதில் நம் முன்னோர் நம்மினும் அறிவுடையோர். சிற்றுள்ளியோடு பழஞ்சோறு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோர், நுங்கு, இளநீர், காலையில் இறக்கிய அக்கானி ஆகிய இவை நம் மண்ணே நமக்களித்த மருந்துகள். நம் மலையாள நண்பர் சம்பாரம் என்பதும் நாம் நீர்மோர் என்பதும் ஒன்றே. அக்கானியைப் பதமாகக் காலையிலேயே அருந்துக, வெயிலேறப் புளித்துவிடும். தெருவில் விற்கும் சர்பத்தில் போடும் ஐஸ் எந்நீரால் ஆயது என்று கேட்டறிந்து அருந்துக. அடுப்பு வேலையைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டால் வீடும் குளிரும். வீட்டுப் பெண்டிரும் பிழைப்பர். உச்சிவெயிலில் அடுப்படியில் வெந்து கொண்டிருக்கும் தாய்மாரிடம், ‘ஒரு காப்பி போடு’ என்று கேட்கும் ஆடவர் இனியேனும் சற்றுச் சிந்திக்க!

நான்காவது, உடை. நமக்கு அண்மையில் உள்ள பாலராமபுரத்தை எண்ணிப் பாருங்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், தெற்கிலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களால் அவ்வூர் புகழ் பெற்றது. அவர்களும் நம்மைப் போல் வந்து குடியேறியவரே! அவர்கள் கையால் நெய்த பருத்தி முண்டும் நேரியதும் வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடும். அருகில் இத்துணைச் செல்வம் இருக்க, செயற்கை இழையில் வெந்து சாவானேன்?

ஐந்தாவது, ஓய்வு. எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். 13 மீட்டர்த் தண்டவாளம் ஒன்று 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்கென்றே அந்நாளில் இரு தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விட்டனர். இக்காலத்து நீண்ட பற்றவைப்புத் தண்டவாளங்களுக்கும் கணக்கு உண்டு. கடும்வெயிலில் அவற்றைக் கண்காணித்து நடக்க ஆட்களும் உண்டு. இடங்கொடாவிடின் இரும்பும் வளையும். இரும்புக்கே இந்நிலையெனின் எலும்புக்கும் தசைக்கும் கூறவும் வேண்டுமோ? வெயிலில் உழைப்போர்க்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வு தருமாறு கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் ஆணையிடுகின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீரருந்த மணியடிக்கும் வழக்கமும் வந்துள்ளது. வேலையாளை அமர்த்தும் நம் வீடுகளிலும் இம்மணி ஒலிக்க வேண்டும். கிணறு தூர்வாரவும் தேங்காய் வெட்டவும் வருபவர் உடம்பும் உடம்புதான்.

அன்பர்களே! இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வெயில் எச்சரிக்கைகள் இங்கே மலையாளத்தில் வருகின்றன, அது இயல்பே. ஆயின் நம் இல்லங்களில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியோர் பலர் உளர். ‘உஷ்ணதரங்கம்’ என்ற சொல்லைக் கண்டு, அது ஏதோ நாடகத்தின் பெயர் என்று எண்ணியவர் எம் அன்னையார். ஆதலின் ஆண்டுதோறும் மாசி பிறந்ததும், சங்கப் பலகையில் எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதிவைக்கும் பணியை யாமே ஏற்றுக் கொள்கின்றோம். எம் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று அலுவலகத்தில் கூறுவர்! தனித்து வாழும் முதியோர் பெயர்களை இளைஞர் குறித்துக்கொண்டு, நாள்தோறும் பிற்பகலில் ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “பாட்டி, தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்டால் போதும். இதற்குப் பொருட்செலவு இல்லை.

வெட்டிய பலாவின் இடத்தருகே, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பலாக்கன்று நட்டுள்ளோம். அது நிழல் தரும் நாளில் யாம் ஓய்வு பெற்றிருப்போம். அன்னையார் காலையில் அதன்முன் நின்று, கூசாவில் மிஞ்சிய நீரை ஊற்றுகின்றார். “நீர் மிஞ்சலாமா அம்மா?” என்று கேட்டால், “அதுக்கும் தாகம் உண்டுல்லா மக்களே” என்கின்றார்.

உங்கள் இல்லந்தோறும் நிழல் பெருகுக! நீர் நிறைக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!